நான்காவது புள்ளி: ‘லைன் ஆஃப் ட்யூட்டி’ குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

எழுத்தாளர் ஜெட் மெர்குரியோ அவர்களுக்கும், வேர்ல்ட் புரொடக்‌ஷன்ஸ் தயாரிப்புக் குழுவுக்கும், பிபிசி நாடகப் பிரிவுக்கும்,

வணக்கம்.

‘லைன் ஆஃப் ட்யூட்டி’ ஏழாவது சீசன் ஆறு அத்தியாயங்களாக வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது: 2021 மே 2, ஞாயிறு இரவு ஒளிபரப்பான ஆறாவது சீசனின் கடைசி அத்தியாயம். பிரிட்டனில் அன்று அதைப் பார்த்தவர்கள் சராசரியாக 1 கோடியே 28 லட்சம் பேர். மறுநாள் காலையில் எங்கே பார்த்தாலும் “இதற்குத்தானா இத்தனை வருஷம் காத்திருந்தோம்?” என்ற புலம்பல்.

நாங்கள் குற்றத் தொடர்களைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் பார்த்துப் பழகியவர்கள். விசாரணை நடைமுறையும் சாட்சியச் சட்டமும் தெரிந்தவர்கள் எங்களில் உண்டு. அந்தப் புலம்பலில் நாங்கள் சேரவில்லை. எங்கள் குறை வேறு. நீங்கள் காட்டிய குற்றவாளி சரியான ஆள். அவர்மீது குற்றத்தை நிரூபித்த விதம்தான் கோளாறு.

இதற்குமேல் எல்லாவற்றையும் போட்டு உடைத்துத்தான் பேசப் போகிறோம். தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

தமிழில் இதைப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக. 2012இல் பிபிசி 2 அலைவரிசையில் ஐந்து அத்தியாயங்களோடு தொடங்கிய தொடர் இது. ஏசி-12 என்பது போலீஸ்காரர்களையே விசாரிக்கும் ஊழல் தடுப்புப் பிரிவு. டெட் ஹேஸ்டிங்ஸ், கேட் ஃபிளெமிங், ஸ்டீவ் ஆர்னட் மூவரும் அதன் தூண்கள். மூன்றாவது சீசனின் முடிவில், 2016இல், கூலிப்படைக் கும்பலின் உளவாளியாகப் போலீஸுக்குள்ளேயே இருந்த டாட் காட்டன் சாகிறான். அவன் மரண வாக்குமூலத்தின் வீடியோவை ஐந்தாவது சீசனில் மறுபடி ஓட்டிப் பார்க்கும்போதுதான், அவன் விரல் மோர்ஸ் குறியில் ‘ஹெச்’ எழுத்தைத் தட்டியது தெரிகிறது. ஹெச் என்றால் நான்கு புள்ளிகள். நான்கு புள்ளிகள் என்றால் கும்பலுக்கு உதவிய நான்கு பேர். காட்டன், டெரிக் ஹில்டன், ஜில் பிக்கெலோ என மூவர் தெரிந்துவிட்டார்கள். நான்காவது யார்? ஆறாவது சீசன் முழுக்க இந்த ஒரே கேள்விதான். விடை: இயன் பக்கெல்ஸ். முதல் சீசனிலிருந்தே வந்து போனவர், யாரும் பொருட்படுத்தாதவர், கோல்ஃப் மட்டையும் அசட்டுச் சிரிப்புமாகத் திரிந்த, தோற்றுத் தோற்றே பதவியில் மேலே ஏறிய அதிகாரி.

இந்தத் தேர்வுக்காக உங்களைத் திட்டியவர்கள், கதை எங்கே நடக்கிறது என்பதைப் பார்க்கத் தவறினார்கள். மகா மூளைக்காரன் ஒருவன் இருட்டில் உட்கார்ந்து நூலை இழுக்கிறான் என்பது வாசகனுக்குச் சுகமான கற்பனை. சோம்பல், திறமையின்மை, மேலதிகாரிக்குத் தலையாட்டல் என்ற போர்வைக்குள் ஊழல் ஒளிந்துகொள்ளும் என்பதுதான் நிஜம். அந்த அத்தியாயம் ஒளிபரப்பாகி ஆறே வாரத்தில், 2021 ஜூன் 15 அன்று, டேனியல் மார்கன் வழக்கை ஆராய்ந்த சுயாதீனக் குழுவின் அறிக்கை வெளியானது. மார்கன் ஒரு தனியார் துப்பறிவாளர். 1987 மார்ச் 10 அன்று தெற்கு லண்டனின் சிடன்ஹாமில் ஒரு மதுக்கூடத்தின் கார் நிறுத்துமிடத்தில் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டார். திரும்பத் திரும்ப விசாரித்தும் யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. நற்பெயரைக் காப்பாற்றத் தன் தவறுகளை மறைப்பதே நிறுவனமயமான ஊழலின் ஒரு வடிவம் என்று லண்டன் மாநகரப் போலீஸைப் பற்றி அந்தக் குழு எழுதியது. உங்கள் பக்கெல்ஸுக்கு இதைவிடப் பெரிய வக்காலத்து வேண்டியதில்லை.

ஆகவே ஆளை விடுங்கள். நிரூபணத்துக்கு வருவோம்.

முதலில், ஏசி-12 சந்தேக நபர்களை விசாரிக்கும் கண்ணாடி அறை. உங்கள் தொடரின் இன்ஜினே அதுதான். துப்பாக்கிச் சண்டையும் கார் துரத்தலும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரு மேசை, இரு பக்கமும் நாற்காலிகள், ஒலிப்பதிவுக் கருவியின் அந்த நீளமான ‘பீப்’, “ஒரு படியாவது மேலான பதவியில் இருப்பவர்தான் என்னை விசாரிக்க வேண்டும்” என்ற விதி, கோப்பு எண்ணைச் சொல்லித் திரையில் விரியும் ஆவணம். இவ்வளவை வைத்துக்கொண்டு பார்வையாளரை நாற்காலி நுனியில் உட்காரவைத்தது நீங்கள்தான்.

அந்தக் காட்சிகள் ஏன் வேலை செய்தன என்று பார்த்தால், ஒவ்வொரு ஆவணமும் ஏதாவது ஒரு காரியத்தைச் செய்திருக்கும். ஏற்கெனவே சொன்ன பொய்யின் வாயை அடைக்கும். அல்லது அவசரமாகப் புதிய பொய் ஒன்றைச் சொல்லவைக்கும். அல்லது, இதுதான் உயர்தரம், சந்தேகத்தையே திருப்பி அறைக்குள் இருக்கும் வேறொருவர் மேல் விழவைக்கும். நான்காவது சீசனின் முடிவில் ராஸ் ஹன்ட்லி தன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த வழக்கறிஞர் ஜிம்மி லேக்வெல்லை மாட்டிவிட்டது மூன்றாவது வகை. மூன்றாவது சீசனின் முடிவில் காட்டன் மேசைக்கு அடியில் கைபேசியை வைத்துக்கொண்டு “உடனே வெளியேற வேண்டும்” என்று செய்தி அனுப்பியபோது, மேலே நடந்த பேச்சு ஒரு கதை, கீழே நடந்த விரலசைவு இன்னொரு கதை. அறையில் ஆபத்து இருந்தது.

ஆறாவது சீசனின் கடைசி விசாரணையில் அது இல்லை. கைவிலங்கோடு நடந்துவரும் ஆளின் முகத்தைக் காட்டிய நொடியிலேயே கேள்வி முடிந்துவிட்டது. அதன் பிறகு மேசையில் வைத்த ஒவ்வொரு ஆவணமும் நமக்கு ஏற்கெனவே தெரிந்ததை உறுதி செய்தது, அவ்வளவே. பக்கெல்ஸ் முதலில் “பதில் சொல்ல விரும்பவில்லை” என்கிறார், பிறகு வாய் திறக்கிறார். ஏன் திறந்தார்? ஹேஸ்டிங்ஸ் சீண்டியதால். அது மனித இயல்புதான், மறுக்கவில்லை. ஆனால் தொடர் நெடுக நடைமுறை விதிகளையே ஆயுதமாகப் பயன்படுத்தியவர்கள் கடைசி ஆட்டத்தில் அந்த ஆயுதங்களை எடுக்காமல் விட்டதுதான் உறுத்துகிறது.

என்னென்ன ஆயுதங்கள் இருந்தன? இங்கிலாந்தில் விசாரணைக்கு முன் போலீஸ் சந்தேக நபரின் வழக்கறிஞரிடம் கையிலிருக்கும் சான்றுகளைப் பற்றி ஓரளவு சொல்ல வேண்டும். எவ்வளவு என்பதை அவர்களே முடிவு செய்யலாம். கட்டம் கட்டமாக வெளியிடுவது வழக்கமான உத்தி: முதல் அமர்வுக்கு முன் இரண்டு தாள், அவர் ஒரு கதையைச் சொல்லி அதிலேயே மாட்டிக்கொண்ட பிறகு அடுத்த இரண்டு. இது திரைக்கதைக்காரருக்குக் கிடைத்த வரம். ஏசி-12 எந்தத் தாளை ஒளித்து வைத்திருக்கிறது என்பது பார்வையாளருக்குத் தெரியும், பக்கெல்ஸுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் பதற்றம் பிறக்கும். கடைசி அத்தியாயத்திலோ மொத்தச் சீட்டையும் ஒரே கையில் இறக்கிவிட்டீர்கள்.

அடுத்து, மௌனம். 1994ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, விசாரணையில் சொல்லாமல் விட்ட ஒன்றைப் பிறகு நீதிமன்றத்தில் தற்காப்பாகக் கொண்டுவந்தால், அந்த மௌனத்திலிருந்து ஜூரி பாதகமான முடிவுக்கு வரலாம். கைதின்போது வாசிக்கப்படும் எச்சரிக்கையிலேயே இது இருக்கிறது. “பதில் சொல்ல விரும்பவில்லை” என்பது இலவசம் அல்ல. “நான் வெறும் தகவல் கடத்தியவன், முடிவெடுத்தவன் அல்ல” என்பதே பக்கெல்ஸின் தற்காப்பு என்றால், அதை இப்போது சொல்லாவிட்டால் பின்னால் சொல்வது கடினம் என்று அவர் வழக்கறிஞரே காதில் ஓதியிருக்க வேண்டும். அப்போது அவர் வாய் திறப்பதற்கு அகங்காரத்தோடு ஒரு கணக்கும் சேர்ந்திருக்கும். அசடு என்று நாம் நினைத்தவர் கணக்குப் போடுகிறார் என்பது தெரியும் அந்த நொடிதான் உண்மையான திருப்பமாக அமைந்திருக்கும்.

மூன்றாவதுதான் பெரிது: பேரம். 2005ஆம் ஆண்டின் பாரிய ஒருங்கிணைந்த குற்றம் மற்றும் காவல் சட்டம், குற்றவாளி ஒருவர் பிறரைக் காட்டிக்கொடுத்தால் என்னென்ன கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்கிறது. 71ஆம் பிரிவில் வழக்கிலிருந்து விலக்கு, 72இல் அவர் தரும் தகவலை அவருக்கு எதிராகப் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதி, 73இல் தண்டனைக் குறைப்பு, 82இல் பாதுகாப்பு ஏற்பாடு. இவற்றில் முதல் இரண்டையும் கொடுக்கும் அதிகாரம் போலீஸுக்கு இல்லை. அரசுத் தரப்பு வழக்குத் தொடுநர்தான் எழுத்தில் தர வேண்டும். நிபந்தனையை மீறினால் விலக்கு செல்லாது. இதன் பொருள், பக்கெல்ஸ் பேரத்தைத் தொடங்கிய கணமே அந்த அறையின் எஜமானர் ஹேஸ்டிங்ஸ் அல்ல. வெளியிலிருந்து கையில் ஒரு கோப்போடு ஒருவர் உள்ளே வர வேண்டும். அவர் யாருக்கு வேண்டியவர்? போலீஸில் ஊழலே இல்லை என்று சாதிக்கும் தலைமைக் கான்ஸ்டபிள் ஆஸ்போர்ன் அவரிடம் முன்கூட்டியே பேசிவிட்டாரா? மேசைக்கு அந்தப் பக்கம் ஏசி-12இன் மேலதிகாரி கார்மைக்கேல் உட்கார்ந்து பேனாவைத் தட்டிக்கொண்டிருக்கிறார் (அன்னா மேக்ஸ்வெல் மார்ட்டின் அந்தப் பேனாவை வைத்தே பாதி சீசனை நடித்துவிட்டார் என்பது வேறு விஷயம்). இத்தனை பொறிகளும் கைவசம் இருக்க, ஒன்றையும் வைக்காமல் விட்டதற்கு நேரமின்மையைக் காரணமாகச் சொல்ல முடியாது. அதே அத்தியாயத்தில் கைதி வாகன வழிமறிப்புக்கு நிறைய நேரம் கொடுத்தீர்கள்.

அடுத்தது எழுத்துப் பிழை.

‘டெஃபினிட்லி’ என்ற ஆங்கிலச் சொல்லில் ‘ஐ’ வர வேண்டிய இடத்தில் ‘ஏ’ போட்டு எழுதும் ஒருவர்தான் கும்பலுக்குச் செய்தி அனுப்பி ஆட்டிவைக்கும் மர்ம மனிதர், பக்கெல்ஸோடு தொடர்புள்ள ஆவணங்களிலும் அதே பிழை இருக்கிறது, ஆகவே அவரே இவர். கருவாக இது நன்றாகத்தான் இருக்கிறது. சான்றாக எடுத்தால் இரண்டு ஓட்டைகள். ஒன்று, ஆங்கிலத்தில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழைகளில் இது ஒன்று. ஒரு போலீஸ் மாவட்டத்தின் மின்னஞ்சல்களைச் சலித்தால் இதே பிழையைச் செய்தவர்கள் டஜன் கணக்கில் கிடைப்பார்கள். இரண்டாவது ஓட்டையை வெட்டியவர்கள் நீங்களேதான். ஐந்தாவது சீசனில் ஹேஸ்டிங்ஸ் அந்த மர்ம மனிதராக நடித்துச் செய்தி அனுப்பும்போது இதே பிழையை வேண்டுமென்றே காப்பியடித்தார், அதனாலேயே அவர் மேல் சந்தேகமும் விழுந்தது. பிழையைக் கண்டவர் எவரும் போலி செய்யலாம் என்று கதையே நிறுவிவிட்டது. அப்படி நிறுவிய ஒன்றை அடுத்த சீசனில் இறுதி ஆதாரமாக்கினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குக் கொண்டாட்டம்.

மொழியை வைத்து ஆளைப் பிடிக்கும் துறை பிரிட்டனுக்குப் புதிதல்ல. 1953இல் தூக்கிலிடப்பட்ட 19 வயது டெரெக் பென்ட்லியின் வாக்குமூலம், அவன் சொல்லச் சொல்ல அப்படியே எழுதியது என்று போலீஸ் சாதித்தது. பல ஆண்டுகள் கழித்து மொழியியலாளர் மால்கம் கூல்தார்ட் அதில் ‘பிறகு’ என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல் எங்கே உட்காருகிறது என்று பார்த்தார். எழுவாய்க்கு முன்னால் அதை வைப்பது சாதாரண மக்களின் பேச்சு. எழுவாய்க்குப் பின்னால் வைப்பது போலீஸ் அறிக்கைகளின் நடை. வாக்குமூலத்தில் இருந்தது போலீஸ் நடை. பென்ட்லியின் குற்றத்தீர்ப்பு 1998இல் ரத்தானது. இதில் கவனிக்க வேண்டியது, எழுதியவருக்கே தெரியாத பழக்கம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. எழுத்துப் பிழை கண்ணில் படும், திருத்தலாம், நகலெடுக்கலாம். சொல் வைப்புமுறை கண்ணில் படாது.

ஒரு மொழித் துப்பைச் சரியாக விதைக்க வேண்டுமானால் குறைந்தது மூன்று பழக்கங்கள் ஒருசேர வேண்டும். உதாரணத்துக்கு அந்தப் பிழை, முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு இடைவெளி விடுவது, ஒரு குறிப்பிட்ட சொற்றொடரைத் தேவையில்லாத இடத்தில் போடுவது. முதல் பழக்கத்தை எல்லாரும் கவனிக்கட்டும், அது பொய்த்துப்பாகவும் பயன்படும். மற்ற இரண்டையும் சீசனின் முற்பகுதியில் ஒரு சாதாரண டியூட்டி பட்டியலிலோ, பின்னணியில் தெரியும் வெள்ளைப் பலகையிலோ வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். இடையில் ஓர் அத்தியாயமாவது அதைத் தொடவே கூடாது. வாரத்துக்கு ஒன்று என்று வெளியாகும் தொடருக்கு இரண்டு வகைப் பார்வையாளர்கள்: ஏழு நாளில் பாதியை மறந்துவிடுபவர்கள், நிறுத்தி நிறுத்தித் திரையைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள். முதல் வகையினருக்காக ஒரு பாத்திரம் அதை வேடிக்கையாக ஒரு முறை வாயால் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் வகையினருக்கு ஒன்றுமே செய்ய வேண்டாம், அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

உண்மையில் இந்த எழுத்துப் பிழையே தேவையில்லை. பக்கெல்ஸைப் பிடிப்பதற்கான பொருத்தமான சான்று ஒவ்வொரு பிரிட்டிஷ் கொலை விசாரணையிலும் தானாகவே உருவாகிவிடுகிறது. மூத்த விசாரணை அதிகாரி கொள்கைப் பதிவேடு ஒன்றை எழுத வேண்டும்: எந்த முடிவு, எந்த நேரத்தில், என்ன காரணத்தால். இது போக ‘ஹோம்ஸ்’ என்ற கணினி அமைப்பு. யார்க்‌ஷயர் ரிப்பர் வழக்கில் பீட்டர் சட்கிளிஃபை ஒன்பது முறை விசாரித்தும், தகவல்கள் லட்சக்கணக்கான அட்டைகளில் சிதறிக் கிடந்ததால் தொடர்பு தெரியாமல் போனது. 1981இல் அவன் பிடிபட்ட பிறகு, அந்தத் தவறு திரும்பக் கூடாது என்று கொண்டுவரப்பட்டதுதான் ஹோம்ஸ். அதில் ஒவ்வொரு வேலையும் ஒரு பதிவு. இந்தச் சாட்சியைப் பார், இந்தக் காரின் எண்ணைச் சரிபார், இந்தக் கேமராப் பதிவை வாங்கு. யார் எழுப்பியது, யாரிடம் கொடுத்தது, என்ன முடிவு, யார் மூடியது எல்லாம் தேதி நேரத்தோடு நிற்கும்.

பக்கெல்ஸ் போன்ற ஒருவர் விசாரணையைக் கெடுக்க வேண்டுமானால் ஆதாரத்தை எரிக்க வேண்டியதில்லை, யாரையும் சுட வேண்டியதில்லை. ஒரு வேலையை ‘முன்னுரிமை குறைவு’ என்று குறித்தால் போதும். சாட்சியைப் பார்க்கப் புதிதாக வந்த பையனை அனுப்பினால் போதும். கேமராப் பதிவு தானாக அழிந்துபோகும் கெடு முடிந்த மறுநாள் அதை வாங்கச் சொன்னால் போதும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் மன்னிக்கத்தக்க மெத்தனம், “அவர் அப்படித்தான் சார்” என்று சிரித்துக் கடந்துவிடலாம். ஏசி-12 அதிகாரி க்ளோயி பிஷப் இரவெல்லாம் உட்கார்ந்து, பத்திரிகையாளர் கெயில் வெல்லா கொலை விசாரணை தொடங்கி அவர் கைபட்ட பழைய வழக்குகள் வரை இந்தப் பதிவுகளை ஒரே திரையில் அடுக்கும்போது, மெத்தனம் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருப்பது தெரியும். திறமையில்லாதவனின் தவறுகள் நாலாபக்கமும் சிதறும். காசு வாங்கியவனின் தவறுகள் ஒரு பக்கமாகவே விழும். உங்கள் சீசனின் மையக் கருத்தே அதுதானே? அதைக் கண்ணால் காணக்கூடிய சான்றாக மாற்றும் கருவி காவல் நிலையத்திலேயே இருக்க, அகராதியைத் தேடிப் போனீர்கள்.

பட்டறைத் தரைக்கு அடியில் புதைந்திருந்த பெட்டி பற்றி ஒரு வார்த்தை. கொலை ஆயுதங்களைப் பத்திரமாக வைத்திருந்து ஆட்களை மிரட்டுவது அந்தக் கும்பலின் பழைய வழக்கம், முதல் சீசனிலிருந்தே வருவது. அதனால் பெட்டி இருப்பதில் குறையில்லை. ஆனால் வெவ்வேறு கொலைகளின் ஆயுதங்களும் துணிகளும் ஒரே பெட்டியில் உரசிக்கொண்டு கிடந்தால் ஒன்றின் டிஎன்ஏ இன்னொன்றுக்குத் தாவும். கத்தியில் ஒருவரின் செல்கள் இருப்பதால் அவர் அதைப் பிடித்தார் என்று சொல்ல முடியாது, பக்கத்தில் கிடந்த கையுறையிலிருந்து வந்திருக்கலாம். ஆய்வகத்தில் இதை இரண்டாம்நிலைக் கடத்தல் என்பார்கள். தோண்டியெடுத்த பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போட்டு முத்திரையிட்டாலும், உள்ளே நடந்த கலப்பை மீட்க முடியாது. ஒரு தடயவியல் நிபுணர் நாற்பது விநாடியில் ஹேஸ்டிங்ஸிடம் இதைச் சொல்லி, “இதில் பாதி நீதிமன்றத்தில் நிற்காது” என்று முடித்திருந்தால், பெட்டி வெற்றியாகத் தொடங்கித் தலைவலியாக மாறியிருக்கும். பக்கெல்ஸின் பேரத்துக்கும் அது வலுச் சேர்த்திருக்கும்.

ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி மார்கஸ் தர்வெல்லாக ஜேம்ஸ் நெஸ்பிட்டைப் புகைப்படத்தில் மட்டும் காட்டியதை ரசித்தோம் என்பதையும் பதிவு செய்கிறோம். பெரிய நடிகர் வந்துவிட்டார், இனி இவர்தான் வில்லன் என்று ஊரே முடிவு கட்டியிருக்க, ஸ்பெயினில் பிணமாகக் கிடந்தார். குறும்பு.

இனி அந்தக் கடைசி எழுத்துக்கள். கறுப்புத் திரையில் வரி வரியாக ஓடியவை. பொதுநலன் கருதிய மறைப்புரிமையைக் காட்டி பக்கெல்ஸின் ஊழல் வெளியே வராமல் தடுக்கப்படுகிறது, ஏசி-12இன் அதிகாரம் முன்னெப்போதையும்விடக் குன்றிவிட்டது என்ற செய்தியை அப்படித்தான் சொன்னீர்கள். ஒன்பது வருடக் கதையின் மிகக் கசப்பான முடிவு, யாரும் பேசாத, யாரும் முகம் கொடுக்காத எழுத்தாகப் போய்ச் சேர்ந்தது. மக்கள் ஏமாந்ததில் பாதி இதனால்தான் என்பது எங்கள் கணிப்பு. பக்கெல்ஸ் என்ற விடை அவர்களுக்குச் சின்னதாகத் தெரிந்ததற்குக் காரணம், அவருக்குப் பின்னால் இருந்த பெரிய சுவர் காட்சியாகவே வரவில்லை.

அந்த மறைப்புரிமை எப்படி இயங்கும் என்று பார்த்தால் அதுவே ஒரு முழு நாடகம். உளவாளிகளின் அடையாளம் போன்ற ஒன்று வெளியானால் பொதுநலனுக்குக் கடுமையான கேடு வரும் என்று சொல்லி, ஓர் ஆவணத்தை எதிர்த்தரப்புக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள அனுமதி கேட்பது அது. கேட்பவர் அரசுத் தரப்பு, முடிவு செய்பவர் நீதிபதி. மிக நுண்ணிய வழக்குகளில் எதிர்த்தரப்பு இல்லாமலேயே, சில சமயம் அவர்களுக்குத் தகவல்கூடச் சொல்லாமல், விசாரணை நடக்கும். இதற்கான அளவுகோலை, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2004இல் ஒரு தீர்ப்பில் ஏழு கேள்விகளாக வகுத்தது. அந்த வழக்கின் பெயர் ‘அரசு எதிர் ஹெச்’. நாங்கள் இட்டுக்கட்டவில்லை, நிஜமாகவே அதுதான் பெயர். அந்தத் தீர்ப்பின் சாரம்: மறைப்பதால் விசாரணை நியாயமற்றதாகிவிடும் என்றால், அரசுத் தரப்புக்கு இரண்டே வழிதான். ஆவணத்தை வெளியிட வேண்டும், அல்லது வழக்கைக் கைவிட வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பக்கெல்ஸின் வழக்கறிஞர் எழுந்து, “என் கட்சிக்காரர் வெறும் தகவல் கடத்தியவர், மேலே இருந்தவர்கள் யார் என்பதைக் காட்டும் ஆவணங்கள் போலீஸிடம் இருக்கின்றன, கொடுங்கள்” என்கிறார். கொடுத்தால் ஆஸ்போர்ன் மாட்டுகிறார். கொடுக்காவிட்டால் பக்கெல்ஸ் மீதான பெரிய குற்றச்சாட்டுகள் விழுகின்றன. கதவு சாத்திய அறையில் நீதிபதி, அரசு வழக்கறிஞர், கார்மைக்கேல். வெளியே நடைகூடத்து பெஞ்சில் ஹேஸ்டிங்ஸ், ஃபிளெமிங், ஆர்னட். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று அவர்களுக்கும் கேட்காது, நமக்கும் கேட்க வேண்டாம். கதவு திறந்ததும் அரசு வழக்கறிஞர் ஒரே வாக்கியம் சொல்கிறார்: வழக்கின் அந்தப் பகுதியை விலக்கிக்கொள்கிறோம். நான்கு நிமிடம் போதும். செட்டுக்கு ஒரு நடைகூடம், ஒரு கதவு, ஒரு பெஞ்சு. எழுத்தாக ஓடிய வரிகளில் ஒன்றுகூடத் தேவைப்பட்டிருக்காது.

நேரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். வாகன வழிமறிப்பைப் பாதியாக்குங்கள். ஆறாவது அத்தியாயத்தில், போலீஸுக்குள் நுழைந்த கும்பல் ஆள் ரையன் பில்கிங்டன் சுடப்பட்டதோடு உடல்ரீதியான ஆபத்து உச்சத்தைத் தொட்டுவிட்டது. வெல்லா கொலையை விசாரித்த அதிகாரி டேவிட்சனின் பிறப்பு ரகசியமும் அப்போதே உடைந்துவிட்டது. ஏழாவது அத்தியாயத்தில் மறுபடி துப்பாக்கிகளை இறக்கினால் அதே உயரத்துக்கு இன்னொரு முறை ஏறிப் பார்ப்பதுதான். கடைசி அத்தியாயத்தின் ஆபத்து காகிதத்தில் இருந்திருக்க வேண்டும், தெருவில் அல்ல.

ஏழாவது சீசனில் ஏசி-12 வேறு பெயரோடு வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பெயர் எதுவாகவும் இருக்கட்டும், கண்ணாடி அறையை மட்டும் இடித்துவிடாதீர்கள். ஆறே அத்தியாயம் என்பதால் துப்புகளை முதல் இரண்டுக்குள் விதைத்தாக வேண்டும், நான்காவதுக்குப் பின் புதிதாக எந்த ஆளையும் உள்ளே விடக் கூடாது, கடைசி விசாரணை தொடங்கும்போது பார்வையாளருக்குத் தெரியாத ஒரு தாளாவது மேசையில் குப்புறக் கிடக்க வேண்டும்.

பிலிப் ஆஸ்போர்ன் இன்னும் அந்த அறைக்குள் வரவில்லை. வந்தால் உங்கள் பழைய விதியே உங்களுக்குப் புதிய முடிச்சு. விசாரிப்பவர் ஒரு படியாவது மேலான பதவியில் இருக்க வேண்டும் என்கிறீர்கள். ஒரு போலீஸ் படையில் தலைமைக் கான்ஸ்டபிளுக்கு மேலே பதவியே கிடையாது. நிஜத்தில் அந்த இடத்தில் 2018 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய சுயாதீன போலீஸ் நடத்தை அலுவலகத்தின் புலனாய்வாளர் வந்து உட்காருவார். சீருடை அணியாத சிவிலியன், ஆனால் கான்ஸ்டபிளின் அதிகாரங்கள் கையில் உண்டு. ஹேஸ்டிங்ஸும் மற்ற இருவரும் அப்போது மேசையில் இருக்க மாட்டார்கள், கண்ணாடிக்கு வெளியேதான் நிற்க வேண்டியிருக்கும். அந்தக் காட்சியை ஆறாவது அத்தியாயத்தின் இருபதாவது நிமிடத்தில் தொடங்குங்கள். மீதி நாற்பதையும் அதற்கே கொடுக்கலாம்.

இப்படிக்கு,
தொடரை விடாமல் பார்க்கும் தமிழ் ரசிகர்கள் சிலர்